பொத்தான் ஆராய்ச்சியாளர்கள்

ஆராய்ச்சி என்றால் என்னவென்று அறிய விரும்புகிறவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் காலத்தை வீணாக்க வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் அன்பர்களின் முகாமில் ஒரு வார இறுதியைக் கழித்தால் போதும். 1861-இல் தொடங்கி 1865 வரை இழுத்த போரின் ஒரு துண்டைச் சனிக்கிழமை ஆரம்பித்து, ஞாயிறு மாலைக்குள் செத்து முடித்து, திங்கள் காலை அலுவலகம் போய்விடுகிற மாவீரர்கள் இவர்கள்.

முகாமில் நுழைந்ததும் உங்கள் மேல்சட்டைக்குச் சோதனை நடக்கும். பொத்தான் துளையை ஒருவர் கண்ணுக்கருகே இழுத்துப் பார்ப்பார். கையால் தைத்ததா, மெஷின் தையலா? அதில் தப்பினாலும் அடுத்தவர் விடமாட்டார். "ரிச்மண்ட் கிடங்கின் மேல்சட்டையில் மூன்று வகை உண்டு. நீங்கள் போட்டிருப்பது 1864-இல் வந்த மூன்றாவது வகை. இன்று நாம் சாகப்போவதோ 1862-இல்." முடிந்தது கதை. 'ஃபார்ப்' என்று ஒரு வசைச்சொல் வைத்திருக்கிறார்கள், அதை நெற்றியில் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். இவர்களுக்கும் மேலே 'ஹார்ட்கோர்' என்றொரு சாதி. பித்தளைப் பொத்தானுக்குப் பழமை ஏறுவதற்காக அதைச் சிறுநீரில் ஊறவைத்தவர்களையும், பட்டினிச் சிப்பாயின் ஒட்டிய கன்னம் வேண்டி உடம்பை இளைக்கவைத்தவர்களையும் எழுத்தாளர் டோனி ஹார்விட்ஸ் 1998-இல் வெளியான தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவு தவம் செய்தவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள்: போர் எதற்காக நடந்தது?

"மாநில உரிமை" என்பார் ஒருவர். "வரி" என்பார் இன்னொருவர். "இங்கே அரசியல் வேண்டாம், வரலாறு மட்டும்தான்" என்று அதட்டுவார், நாளைக்குப் பல் பிடுங்கப் போகிற தளபதி.

இதற்கு ஆவணக் காப்பகத்தில் தூசி தட்ட வேண்டியதில்லை. 1861 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன மிசிசிப்பி மாநிலம், அடிமைமுறைதான் காரணம் என்று ஒளிவுமறைவில்லாமல் தானே எழுதிவைத்திருக்கிறது. பிரிந்த மாநிலங்கள் அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் சவானாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று மார்தட்டினார். சுமார் 40 லட்சம் மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வெட்கமில்லை. வெட்கமெல்லாம் இன்று அவர்கள் வேடம் போடுகிறவர்களுக்குத்தான். மிசிசிப்பியின் அறிக்கை சில பக்கம்தான். ஒரு சட்டையின் பொத்தான் துளைகளைத் தைக்க அதைப் படிப்பதைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

"கறுப்பர்களே ஆயிரக்கணக்கில் தெற்குக்காகப் போரிட்டார்களே!" என்று ஒருவர் குறுக்கே பாய்வார். ஆதாரம்? குடும்பத்தில் சொல்லிவந்த கதை, யாரென்று தெரியாத ஒரு பழைய புகைப்படம். பொத்தானுக்கு அசலைக் கொண்டுவா என்று உறுமியவருக்கு இது தாராளமாகப் போதுமாம். கறுப்பர்களைப் படையில் சேர்க்கத் தெற்கின் நாடாளுமன்றம் அனுமதித்ததே 1865 மார்ச்சில்தான். ஏப்ரல் 9-இல் தெற்கின் தளபதி லீ சரணடைந்துவிட்டார்.

சரி, எதை நடிக்கிறார்கள்? கெட்டிஸ்பர்க் போரில் தெற்கின் தளபதி பிக்கெட்டின் படை முன்னேறியதைத் திரும்பத் திரும்ப நடிக்கிறார்கள். அந்தப் போர் நடந்த அதே 1863 படையெடுப்பில், பென்சில்வேனியாவில் வாழ்ந்த கறுப்பர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் பிடித்து, அடிமைகளாக விற்கத் தெற்கே ஓட்டிப்போனது லீயின் படை. அதற்கு எந்தச் சட்டை, எத்தனை மணிக்குக் காட்சி? 1864 ஏப்ரல் 12 அன்று பில்லோ கோட்டையில் சரணடைந்த வடக்கின் கறுப்புச் சிப்பாய்களைத் தெற்குப் படையினர் கொன்று குவித்தார்களே, அதற்கு டிக்கெட் உண்டா? "குடும்பத்தோடு பார்க்க வருகிறார்கள்" என்பது பதில். வயிற்றில் குண்டு வாங்கி மனிதன் துடித்துச் சாவது மட்டும் பாப்கார்னோடு பார்க்கத்தக்க குடும்பச் சித்திரம் போலும். குண்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உயிரைக் குடித்தது நோய்தான். ஆனாலும் வயிற்றுப்போக்கில் செத்துக் காட்ட எந்த ஹார்ட்கோரும் முன்வந்து பெயர் கொடுப்பதாகத் தெரியவில்லை.

இந்த உலகில் ஆராய்ச்சி வேறொரு வேலைக்கும் பயன்பட்டிருக்கிறது: ஆளை வெளியே தள்ள. 1989-இல் ஆண்டீட்டம் போர்க்களப் பூங்காவில் லாரன் குக் என்ற பெண் ஆண் சிப்பாயாக வேடமிட்டு வந்தார். பெண்கள் கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது பிடிபட்டார். 1862-இல் போர் நடந்தபோது அங்கே இல்லவே இல்லாத கழிப்பறை காட்டிக்கொடுத்ததால், வரலாற்று நம்பகத்தன்மை கெட்டுவிட்டதென்று பூங்கா அதிகாரிகள் அவரை வெளியேற்றினார்கள். ஐம்பது வயதில் தொப்பையைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு வயதுச் சிப்பாயாக மூச்சிரைக்க ஓடுகிறவரால் கெடாத நம்பகத்தன்மை! குக் வழக்குப் போட்டு 1993-இல் வென்றார். அதோடு நிற்காமல், டியான் பிளாண்டனுடன் சேர்ந்து ஆவணங்களைத் தோண்டி 2002-இல் புத்தகமே போட்டார். ஆண் வேடத்தில் போரிட்ட சுமார் 250 பெண்களுக்கு அதில் சான்று இருக்கிறது. ஆண்டீட்டத்திலும் பெண்கள் போரிட்டிருக்கிறார்கள். விரட்டியவர்கள் அதைத் தேடிப் பார்க்கவில்லை. பெண் சண்டைக்கு வரமாட்டாள் என்பதற்குத் தங்கள் நினைப்பே அவர்களுக்குச் சான்றாக இருந்தது.

இந்தப் பொழுதுபோக்கில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். கறுப்புப் படைப்பிரிவான 54-ஆம் மாசசூசெட்ஸின் சீருடை அணிந்து, மறைக்கப்பட்டதை மேடைக்குக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். போரின் காரணத்தைப் பார்வையாளரிடம் நேராகச் சொல்கிறவர்களும் உண்டு. முகாமின் மகிழ்ச்சியைக் கெடுக்கும் பேர்வழிகள் என்று இவர்களுக்குத்தான் பெயர்.

தெரியாமல் செய்கிறார்கள் என்று மட்டும் மற்றவர்களுக்காக வாதாட வராதீர்கள். தேடத் தெரிந்தவர்கள், படிக்கத் தெரிந்தவர்கள், ஒரு நூலிழைக்காக மாதக்கணக்கில் அலையத் தெரிந்தவர்கள் இவர்கள். தெற்குச் சிப்பாயின் மேல்சட்டைத் துணியில் பாவு பருத்தி, ஊடை கம்பளி என்று உருப்பெருக்கி வைத்துச் சொல்கிறவருக்கு, அந்தப் பருத்தியைச் சவுக்கடிக்குப் பயந்து பறித்தது யார் என்பது மட்டும் கண்ணில் படவில்லையென்றால், அதை அறியாமையில் சேர்க்க முடியாது. பச்சை அயோக்கியத்தனம்.