80 ஹெர்ட்ஸில் ஒரு சம்புடம்

நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் டிக்கி கிடையாது. டிக்கி இருக்கவேண்டிய இடத்தில் 12 இஞ்ச் சப்வூஃபர் ஒன்று குடியிருந்தது. முந்தைய ஓனர் விட்டுப்போன சொத்து. அரிசி மூட்டை வாங்கினால் என் மனைவி மடியில்தான் வைத்துக்கொண்டு வரவேண்டும்.

சரி, பாட்டாவது நன்றாகக் கேட்கிறதா? அம்பத்தூர் ஓ.டி.யில் இளையராஜாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஆவடி வரை 'தும் தும்' மட்டும்தான். பாடகர் சீட்டுக்கு அடியில் எங்கோ மூச்சுமுட்டிக் கிடந்தார். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் சும்மா தாளம் போட்டுக்கொண்டிருக்காது. தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு பாடகருக்குக் கீழே வேறு வழியில் போகும். அது காதில் விழாமல் செய்ய இவ்வளவு பெரிய பெட்டி தேவைப்பட்டிருக்கிறது. சி.டி.எச். ரோட்டில் மற்ற வண்டிக்காரர்கள் என்னை ஏதோ கட்சிக்காரன் என்று நினைத்து ஒதுங்கினார்கள். லாபம் அது ஒன்றுதான்.

ஓ.டி. பக்கம் ஒரு ஆடியோ கடையில் வண்டியை விட்டேன். கடைத் தம்பி பெரிய மெஷின் எதையாவது எடுப்பான் என்று பார்த்தால், சுவர்க் கடிகாரத்திலிருந்து பென்சில் பேட்டரியைக் கழற்றினான். கதவின் அட்டையைப் பிரித்து, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரையும் அந்த 1.5 வோல்ட் பேட்டரியில் தொட்டான். வலது கதவில் ஸ்பீக்கரின் கூம்பு 'டப்' என்று வெளியே வந்தது. இடது கதவில் உள்ளே போனது.

"பாத்தீங்களா சார், பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்திருக்காங்க. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. பேஸ் எங்கேர்ந்து வரும்?"

ஒன்று தள்ளிய காற்றை இன்னொன்று இழுத்துக்கொண்டால் கீழ்ஸ்தாயி அடிபட்டுப் போகுமாம். பேஸ் வரவில்லையே என்று அந்த ஓனர் சப்வூஃபர் வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு ஒயரை மாற்றிச் செருகியிருந்தால் என் மனைவி மடி தப்பித்திருக்கும்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஆம்ப்ளிஃபயரில் முழுக்கத் திருகிவைத்திருந்த கெயினை இறக்கினான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது எல்லாம் டிக்கிக்கு, மேலே உள்ளது கதவுகளுக்கு என்று கிராஸ்ஓவரில் பாகப்பிரிவினை செய்தான். ஈக்வலைசரில் நான் எதையாவது ஏற்றப்போனால் கையைத் தட்டிவிட்டான். "ஏத்தாதீங்க சார். எது கத்துதோ அதை இறக்குங்க."

கடைசியாக டிலே. சத்தம் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். வலது கதவு எனக்குப் பக்கம், இடது கதவு அரை மீட்டர் தள்ளி. ஆகவே வலது ஸ்பீக்கரை ஒன்றரை மில்லி செகண்ட் காக்கவைத்தான். அவ்வளவுதான், எஸ்.பி.பி. சீட்டுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து டேஷ்போர்டு பிள்ளையார் மேல் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மட்டும். இந்தக் கணக்கு ஒரு சீட்டுக்குத்தான் போடமுடியும். "ஏங்க, எல்லாம் இந்தப் பக்கமே கத்துது. எனக்குன்னு ஒரு காரியமாவது ஒழுங்கா செஞ்சிருக்கீங்களா?" என்று இடது சீட்டிலிருந்து மனைவி வால்யூமைக் குறைத்தாள். சத்தம் குறையக் குறைய மனிதக் காது முதலில் பேஸைத்தான் கைவிடும்; ஃபிளெட்சர், மன்சன் என்று இரண்டு பேர் 1933-லேயே அமெரிக்காவில் அளந்து சொல்லிவிட்டார்கள். அவர்கள் பெயரைக்கூடக் கேள்விப்படாத என் மகன் "பேஸே இல்லப்பா" என்று பின்னாலிருந்து எட்டி பேஸை ஏற்றினான்.

அப்போதுதான் ஆரம்பித்தது 'கிர்ர்ர்'.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின. கதவுத் தகரத்தில் டாம்பிங் ஷீட் ஒட்டினோம்; பணம் போனது, கிர்ர் போகவில்லை. தம்பி போனிலிருந்து ஒரு டெஸ்ட் டோனை அடியிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே வந்தான். 80 தாண்டியதும் வண்டி பாட ஆரம்பித்தது. நான் கதவு, கண்ணாடி, சீட் பெல்ட் என்று ஒவ்வொன்றாக டாக்டர் வயிற்றை அமுக்குவதுபோல் அமுக்கிக்கொண்டே வந்தேன். இடது கதவின் பையில் கை வைத்தேன். நின்றது.

அப்பாவின் திருநீற்றுச் சம்புடம். பித்தளை. மூடி லூஸ்.

"அதை எடுத்தா வண்டி ஓடாது. பாட்டை நிறுத்துடா" என்றார் அப்பா.

தம்பிதான் பஞ்சாயத்து செய்தான். "ஐயா, எடுக்க வேணாம். கோபுரமா ரொப்பி அழுத்தி மூடிடுங்க. மூடி ஆடாது."

ரொப்பினோம். ஆடவில்லை. ஆனால் அப்பா, வண்டியில் ஏறுகிற எல்லார் நெற்றிக்கும் தாராளமாகப் பூசுகிறவர். பத்துப் பன்னிரண்டு நாளில் பேஸ் கிட்டார் கீழே இறங்கும் இடத்தில் மறுபடி லேசாகக் 'கிர்'. நான் ஈக்வலைசரைத் தொடுவதே இல்லை. பின்சீட்டிலிருந்து குரல் வந்துவிடுகிறது:

"டேய், தீந்துபோச்சு. திருமுல்லைவாயில் கோயில் பக்கம் திருப்பு."