மனத்தில் வெட்டிய கால்வாய்

ஏரி, வாய்க்கால், வடிகால் முதலியவற்றைப் பரிபாலனம் செய்துவரும் மகா கனம் பொருந்திய இலாகாவின் சமுகத்துக்கு, திருநின்றவூரில் ஏரியை அடுத்த நகர் ஒன்றில் கீழ்த்தளத்தில் வாசம் செய்யும் பிரஜை ஒருவன் மிகுந்த பயபக்தியுடன் எழுதிக்கொள்ளும் விஞ்ஞாபனம்.

இலாகாவின் பெயரைச் சொல்லாமல் விளித்திருப்பதை அவமரியாதையாகக் கொள்ளலாகாது. எங்கள் வாசலில் முழங்கால் அளவுக்கு நிற்கும் ஜலம் யாருடைய ஆளுகைக்கு உட்பட்டது என்பதை நிச்சயிக்க நாங்கள் செய்த பிரயத்தனங்கள் ஒன்றும் பலிக்கவில்லை. ஏரிக்குள் இருக்கும்வரை அது ஏரி இலாகாவின் சொத்து. கலங்கல் தாண்டித் தெருவில் இறங்கியதும் ஊர் நிர்வாகத்தின் பிரஜாவுரிமையைப் பெற்றுவிடுகிறது. திருப்பதி நெடுஞ்சாலையில் ஏறி நின்றால் சாலை இலாகாவின் விருந்தாளி. தண்டவாளத்தைத் தொட்டுவிட்டால் மத்திய சர்க்காரின் விவகாரம். எங்கள் சமையலறைக்குள் நுழைந்த பிறகோ, கிரயப் பத்திரத்தில் எழுதுவார்களே, அதுபோலத் தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாக, சர்வ சுதந்திர பாத்தியதையுடன் அது எங்களுக்கே உரியதாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் போட்டிக்கு எந்த இலாகாவும் வருவதில்லை.

தொண்டை மண்டலத்து ஏரியின் லட்சணம் தாங்கள் அறியாததன்று. ஏறக்குறையச் சமமான பூமியில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டு, மழையின் அளவுக்கு ஏற்றபடி ஜலம் பின்னோக்கிப் பரவுவதற்கு இடங்கொடுத்து, மிகுந்ததைக் கலங்கல் வழியே அடுத்த ஊர் ஏரிக்கு அனுப்பிவைத்த நம் முன்னோர், அந்த மேட்டுப்புறத்து வெளியைப் பங்குனி வெயிலில் ஒருவன் வந்து பார்த்தால் அது அசல் வீட்டு மனையைப் போலவே காட்சியளிக்கும் என்பதை மட்டும் எதிர்பார்க்கவில்லை. பங்குனியில் பார்த்தவர்கள் கல் நட்டார்கள். கல்லுக்கு எண் வந்தது. எண்ணுக்குப் பத்திரம் பதிவாயிற்று. பத்திரத்தின் பேரில் மின்சாரம் வந்தது, வீட்டு வரி வந்தது, தெருவுக்கு ஒரு தலைவரின் பெயரும் வந்தது. ஐப்பசியில் ஏரி வந்தது. முன்னால் வந்தவற்றுக்கெல்லாம் முத்திரை குத்தி உபசரித்துவிட்டு, ஏரி வந்த அன்றைக்கு மட்டும் எங்களைப் பார்த்து, “நீர்நிலையில் குடியேறியவர்கள்” என்று திருவாய் மலர்ந்தருளினால், வரி ரசீதுகளை வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கும் எங்களுக்குச் சற்று மனஸ்தாபமாக இராதா? நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்திருக்கிறீர்கள். அதை ஏரி கருத்தூன்றிப் படித்திருக்கவேண்டும். வருஷந்தோறும் தவறாமல் வந்து எல்லையை அளந்துவிட்டுப் போவது அது ஒன்றுதான்.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது, உலகத்தார் அடையாற்றைப் பற்றிப் பேசினார்கள், அது நியாயந்தான். 2021 நவம்பரில் பெரியார் நகர், முத்தமிழ் நகர் முதலிய எங்கள் பேட்டைகளுக்கும் அந்தக் கியாதி கிட்டியது. அந்த வருஷத்தில்தான் எங்கள் பேரூராட்சி நகராட்சியாக உயர்வு பெற்றது என்பதையும் சந்தோஷத்துடன் குறிப்பிடவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2015-இல் 5,000 ரூபாயாக இருந்த நிவாரணம் அப்போது 6,000 ஆயிற்று. எட்டு வருஷத்தில் ஆயிரம் ரூபாய் ஏற்றம். இதே காலத்தில் துவரம்பருப்பு ஏறிய ஏற்றத்தோடு இதை ஒப்பிட்டுத் தங்களைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை.

ஏறியது வேறொன்றும் உண்டு, அது தெரு. சாலை போடும் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலைமேலேயே புதுத் தாரைப் போட்டுவருவதால், மூன்று படி ஏறிப் பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீட்டுக்குள் நாங்கள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். இடியும் மின்னலுமாக மழை பிடித்துக்கொண்ட ராத்திரியில், கரண்டு போன இருட்டில், அரிசி மூட்டை பரண்மேல் ஏறும். குளிர்பெட்டி இரண்டு ஸ்டூல்களின்மேல் ஏறும். பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியோடு கட்டிலின்மேல் ஏறுவாள். காலியான கேஸ் சிலிண்டர் மட்டும் யாருடைய உதவியுமின்றித் தானே மிதந்து வாசலுக்கு வந்து, வெளியே போக அனுமதி கேட்பதுபோலக் கதவை மெல்ல முட்டிக்கொண்டு நிற்கும்.

மறுநாள் தாங்கள் வருவீர்கள். “போர்க்கால அடிப்படையில்” என்பது தாங்கள் அப்போது உபயோகிக்கும் சொற்றொடர். போர் யாரோடு என்று கேட்கத் துணிந்தவன் இதுவரை இல்லை. ராட்சத மோட்டார் ஒன்று டிராக்டரில் வந்து இறங்கும். அதன் குழாய் எங்கள் தெரு ஜலத்தை உறிஞ்சிப் பின்தெருவில் கக்கும். பின்தெருவார் கூச்சலிட்டதும் அங்கே ஒரு மோட்டார் வந்து அதை எங்களிடமே திருப்பித் தரும். இவ்வாறு மாலைவரைக்கும் ஒரே ஜலத்தை இரண்டு மோட்டார்களும் டீசல் செலவில் உபசரித்துக்கொண்டிருக்க, முழங்கால் பூட்ஸ் அணிந்த பெரியவர்கள் ஜலத்தில் நின்று தூரத்தைச் சுட்டிக் காட்டியபடி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்த விரல் சுட்டிய திக்கில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன், போட்டோக்காரர்தான் இருந்தார்.

எங்கள் ஊருக்குப் புராணப் பெருமைகள் உண்டு. வைகுண்டத்தை விட்டு நீங்கிய மகாலக்ஷ்மி இங்கே வந்து நின்றதாகவும், மகளைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போகச் சமுத்திரராஜனே நேரில் வந்ததாகவும் ஸ்தல புராணம் சொல்லும். அந்தப் பழைய உறவை முன்னிட்டு அவர் இன்றும் வந்துபோகிறார் என்றால் அது அவர்கள் குடும்ப விஷயம். ஆனால் பூசலார் நாயனாரின் சரித்திரம் அப்படித் தள்ளிவிடத்தக்கதன்று. சிவனுக்கு ஆலயம் எடுக்க ஆசைப்பட்டு, கையில் பொருளில்லாமையால், மனத்திலேயே திரவியம் சேர்த்து, நல்ல நாள் பார்த்து, இரவிலும் உறங்காமல், அடிநிலை முதல் சிகரம் ஈறாகக் கோயில் கட்டி, மதில் எழுப்பி, கிணறு தோண்டி, குளமும் வெட்டி முடித்தார் அவர் என்று சேக்கிழார் கூறுகிறார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோனின் கனவில் ஈசன் தோன்றி, நின்றவூர்க் கோயிலுக்கு நாளைக்குப் போகவேண்டியிருப்பதால் உன் பிரதிஷ்டையைத் தள்ளிவை என்று உத்தரவிட, அரசன் ஓடி வந்து, ஊரெல்லாம் தேடி, கோயிலைக் காணாமல் திகைத்தான்.

நானும் அவ்வாறே திகைத்தவன். வரைபடத்தில் உபரிநீர்க் கால்வாய் ஒன்று நீலக் கோடாக அழகாய் ஓடுகிறது. அந்தக் கோட்டின் வழியே நடந்தால் முதலில் ஒரு மளிகைக் கடையும், அப்பால் கல்யாண மண்டபத்துக் கார்கள் நிற்கும் மைதானமும், அதற்கும் அப்பால் கண்ணாடிச் சில்லு பதித்த மதிலும் வருகின்றன, கால்வாய் வரவில்லை. அப்போதுதான் தாங்கள் நாயனாரின் சம்பிரதாயத்தில் வந்தவர்கள் என்பது விளங்கிற்று. அவருக்காவது பொருளில்லை என்ற நிர்ப்பந்தம் இருந்தது. மதிப்பீடும் டெண்டரும் ஒதுக்கீடும் கைவசம் இருந்தும் தாங்கள் அந்த மார்க்கத்தை விடாமல் அனுஷ்டிப்பது அவரையும் மிஞ்சிய வைராக்கியம். குறை ஒன்றுதான். மனத்தில் கட்டிய கோயிலுக்குள் ஈசன் எழுந்தருளினான். மனத்தில் வெட்டிய கால்வாய்க்குள் இறங்கும் அளவுக்கு ஜலத்துக்குப் பக்தி போதவில்லை.

நீர்ப் பரிபாலனம் பயிலத் தங்களில் சிலருக்கு ஒல்லாந்து தேசம் போய்வரும் உத்தேசம் இருக்கலாம். அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் அதற்கென்றே சபைகள் உண்டு. செலவைக் குறைக்க நினைத்தால் உத்திரமேரூருக்குப் பஸ் போகிறது. முதற் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகளில், குடவோலையால் தேர்ந்த ஆறு பேர் ஏரி வாரியமாக இருந்து ஏரியைக் கவனித்த முறை விஸ்தாரமாகக் காணப்படுகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அந்தப் பதவிக்கு வரலாகாது என்றும் அதில் ஒரு விதி இருக்கிறது. தாங்கள் போகும்போது அந்தப் பகுதியைப் படிக்கவேண்டிய அவசியமில்லை. எழுத்தும் சற்றுத் தேய்ந்திருக்கும்.

எங்கள் பிரார்த்தனை சொற்பமானது. போரைச் சித்திரையிலேயே தொடங்குங்கள். ஏரி காய்ந்து கிடக்கும் அப்போது பூட்ஸ் தேவையில்லை, செருப்பே போதும். நீலக் கோட்டின் மேல் ஒருமுறை நடந்து, வழியிலுள்ள மதிலுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேளுங்கள். அவர் பெயரைச் சொன்ன பிறகும் தங்களுக்கு நடக்கத் தெம்பிருந்தால், கலங்கல்வரைக்கும் வாருங்கள்.

இங்ஙனம்,
கீழ்த்தளத்துப் பிரஜை

பின்குறிப்பு: பதில் அனுப்புவதாயின் ஐப்பசிக்கு முன்னால் என் பெயருக்கே அனுப்பலாம். பிந்தினால் மாடி வீட்டுக்காரர் பெயருக்கு அனுப்பவும். நாங்களும் அங்கேதான் இருப்போம்.