வெந்நீர்க் கலங்களின் ஆயுள்: கருணாபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களம்

கல்வராயன் மலையில் பிறந்து வரும் கோமுகி ஆறு தொட்டுச் செல்லும் கள்ளக்குறிச்சி நகரின் ஒரு பகுதி கருணாபுரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆட்சியர் வந்தார், புதிய பெயர்ப் பலகைகள் வந்தன. மார்கழிக் குளிர் மட்டும் அந்தப் பிரிவினையை ஏற்காமல் பழையபடியே வந்துகொண்டிருக்கிறது. ஆகவே வெந்நீர் வேண்டும். வெந்நீருக்குக் கலம் வேண்டும். கலம் நெடுநாள் உழைக்க வேண்டும். இம்மூன்றில் கடைசியே இங்கு ஆராயப்படுகிறது.

2. வகைப்பாடு

குளியல் வெந்நீர்க் கலம் மூவகைப்படும்: விறகடுப்பு அண்டா, கரி போடும் செம்புப் பாய்லர், மின்சார கீசர். வாளிக்குள் விடும் ஹீட்டர் ராடையும் சேர்க்க வேண்டும் என்பார் ஒரு சாரார். அதற்குச் சொந்தக் கலம் கிடையாது. யாருடைய வாளியிலோ பிழைக்கிறது. ஆகவே ஒட்டுண்ணி என்று தள்ளப்பட்டது. சுவிட்சை அணைக்காமல் விரல் விட்டுச் சூடு பார்ப்போரின் ஆயுள் தனி ஆய்வுக்கு உரியது.

மலைமேல் உள்ள கலம் கூடுதல் நாள் உழைக்குமோ எனின், 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை குறையும் என்பது மெய்யே. ஆனால் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையிலும் யாரும் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதில்லை. எனவே அவ்வாதம் நில்லாது.

3. பகைவர்

கலத்துக்குப் பகை நெருப்பு என்பது பாமரர் கொள்கை. பெரும்பகை தண்ணீரே என்க. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் படிவு இன்னும் விரைவாகும். கீசர் காயிலில் அது ஓடு கட்டிவிட்டால் வெப்பம் தண்ணீருக்குப் போக வழியின்றிக் காயிலையே தின்னும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. கீசருக்கு அத்தனை பொறுமை கிடையாது.

15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 2,000 வாட் கீசருக்குச் சுமார் 18 நிமிடம் போதும். சுவிட்சைப் போட்டுவிட்டுச் சீரியல் பார்க்கப் போனவருக்கு 18 நிமிடம் என்பது முதல் விளம்பர இடைவேளை. தெர்மோஸ்டாட் என்னும் கருவி கண்டுபிடிக்கப்பட்டது இவர் பொருட்டே எனக் கருத இடமுண்டு.

4. கருதுகோள்

ஒன்று தேய்ந்தால்தான் இன்னொன்று நிற்கும்.

இதற்கு முன்னோடி வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகடுகளைக் கடல்நீர் அரித்தது. துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைச் சேர்த்துவிட்டால் அவை அரிபட்டுச் செம்பைக் காக்கும் என்று 1824இல் அவர் காட்டினார். செம்பு தப்பியது. ஆனால் செம்பு கரையாததால் அதன் நச்சும் கடலில் கலக்கவில்லை. கடற்சிப்பிகள் அச்சமின்றி வந்து ஒட்டிக்கொண்டன, கப்பல் மந்தமானது. பிறர் தேய்வால் காக்கப்படுவது சோம்பிப்போகும் என்பதும் இதனால் பெறப்படும்.

5. சான்றுகள்

அண்டா: அடுப்பில் ஏற்றுமுன் அடிப்புறத்தில் ஈரச் சாம்பல் பூசுவது வழக்கம். கரி சாம்பலின்மேல் படியும். இரண்டும் ஒரே கையால் கழுவப்படும். பூசாத அண்டாவைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் கரியோடு அண்டாவும் சிறிது சிறிதாகக் கிளம்பும்.

பாய்லர்: வெந்து இற்றுப்போவது அடியிலுள்ள கரிச் சல்லடை, அதை மாற்றலாம். ஆயினும் தண்ணீர் ஊற்றாமல் தீ மூட்டினால் பற்றவைத்த இணைப்பு விட்டுப்போகும். ஆகவே வெந்நீர் எடுத்தவர் பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது பாய்லர் வீடுகளின் அரசியல் சாசனம். எடுத்தவர் யாரென்று எவரும் ஒப்புக்கொள்ளாதது அதன் மரபு.

கீசர்: தொட்டிக்குள் ஒரு மெக்னீசியத் தண்டு உண்டு. டேவியின் துத்தநாகத்துக்கு இது பேரன் முறை. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தீரும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றி, அடியில் தேங்கிய சுண்ணாம்பை வெளியேற்றினால் தொட்டி பிழைக்கும். தண்டு தீர்ந்த பிறகு அரிபடுவது தொட்டிதான். தொட்டி ஒழுகும் நாளில்தான் அப்படியொரு தண்டு இருந்ததே பலருக்குத் தெரியவருகிறது.

6. முடிவும் பரிந்துரையும்

மூவகைக் கலத்துக்கும் பொதுவான நான்காவது தேய்பொருள் ஒன்று உண்டு. அதை இத்துறையில் யாரும் வகைப்படுத்தியதில்லை. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டியோ சுவிட்சைப் போட்டோ, எல்லாருக்கும் பதமாக விளாவிக் கொடுத்து, வெந்நீர் தீர்ந்தபின் பச்சைத்தண்ணீரில் குளிப்பவர். பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் பாட்டி. அதுவரை கடற்சிப்பிகள் போர்வைக்குள் ஒட்டிக் கிடக்கும்.

இந்தத் தேய்பொருளைக் கழற்றிப் பார்க்க மெக்கானிக் வரமாட்டார். மாற்று உருப்படி கடையில் கிடைக்காது. ஆகவே பரிந்துரைக்கப்படுவது: முதல் வாளி அவருக்கு. அடுப்பு மூட்டும் பொறுப்பு வீட்டில் கடைசியாக எழுபவருக்கு.

மறுப்புரைகள் வரவேற்கப்படுகின்றன. அவை அதிகாலை 5 மணிக்கு, அடுப்படியில், நேரில் மட்டும் ஏற்கப்படும்.