உட்கார ஒரு சட்டம், நிற்க ஒரு சட்டம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. கடை ஊழியர்களுக்கும் கால் வலிக்கும் என்பது அதற்குத் தெரியவந்தது 2021-இல். அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவின்படி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும்; வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம். வாய்ப்புக் கிடைத்துவிட்டதா என்பதைத் துணிக்கடை மேற்பார்வையாளர் சொல்வார். கேரளம் இதை 2018-இலேயே செய்துவிட்டது.

அடுத்தது தொழிற்சாலைகளின் முறை. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த திருத்த மசோதா, 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். ஒப்பந்தத் தொழிலாளியை உட்காரவைத்து முதலாளி விருப்பம் கேட்கும் காட்சி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தொழிற்சங்கங்களுக்குத் தெரியவில்லை. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்று நாள் கழித்து மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்களின் நாளான மே 1 அன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிலாளர் கேட்காமலே கொடுத்து, கேட்டதும் எடுத்துக்கொண்ட சலுகை இது. கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் நிறைவேற்றிய 12 மணி நேரத் திருத்தம் திரும்பப் பெறப்படவில்லை.