யாருக்கும் தலைவர் இல்லை

2022 மே 24. டெக்சாஸின் யுவால்டி ஊரில், ராப் தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். பள்ளி மாவட்டக் காவல்துறைத் தலைவர் பீட் அரெடோண்டோ விரைந்து வந்தார். ஓடும்போது இடைஞ்சலாம், வாக்கி டாக்கிகளை வெளியிலேயே விட்டுவிட்டார். வகுப்பறைக் கதவு பூட்டியிருக்கும் என்று நம்பிச் சாவிக்கொத்துகளைத் தேடினார். கைப்பிடியைத் திருகிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கதவு பூட்டப்படாமலே இருந்திருக்கலாம் என்றது சட்டமன்ற விசாரணைக் குழு.

உள்ளேயிருந்து குழந்தைகள் 911 அவசர எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கூடிய காவலர்கள் 376 பேர். 77 நிமிடம் கழித்து எல்லைக் காவல் படையினர் உள்ளே போய்க் கொலையாளியைச் சுட்டார்கள். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் பலி.

"அன்று பொறுப்பு என்னிடம் இல்லை" என்றார் தலைவர் பிற்பாடு. இத்தகைய தாக்குதலில் தலைமை ஏற்க வேண்டியவர் யார் என்று பள்ளி மாவட்டத் திட்டம் தெளிவாகவே சொன்னது: காவல்துறைத் தலைவர். திட்டத்தை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். சம்பவம் நடந்து ஒரு வாரத்தில் நகர மன்ற உறுப்பினராகவும் பதவி ஏற்றார். அங்கே கதவு தடையாக இல்லை போலும். ஆகஸ்டில் காவல் பதவி பறிபோனது. பதவியை ஏற்கத் தெரிந்தவருக்குப் பொறுப்பை ஏற்கத் தெரியவில்லை.