நாகா பேச்சுவார்த்தையை மறுபடி தொடங்குவது எப்படி?

மத்திய அரசின் புதிய பிரதிநிதிக்கு வாழ்த்துகள். பதற்றம் வேண்டாம். என்.எஸ்.சி.என். (ஐசக்-முய்வா) என்ற நாகா ஆயுத அமைப்போடு 1997 ஆகஸ்ட் முதல் சண்டை நிறுத்தம் அமலில் இருக்கிறது. உங்களுக்கு முன்பு ஸ்வராஜ் கௌஷல், பத்மநாபையா, ஆர்.எஸ். பாண்டே, ஆர்.என். ரவி எல்லாரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். ஒருவரும் முடிக்கவில்லை. நீங்களும் முடிக்காவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

முதலில் இடம். பிரதமராக இருந்த நரசிம்ம ராவ் அந்த அமைப்பின் தலைவர்களை 1995இல் பாரீஸில் சந்தித்தார், தேவ கௌடா 1997இல் ஜூரிச்சில், வாஜ்பாய் 1998இல் மறுபடி பாரீஸில். மணிப்பூர் மலைகள் யாருக்கு என்பதை ஐரோப்பாவில் உட்கார்ந்து பேசினால்தான் தெளிவு பிறக்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. இப்போதெல்லாம் டெல்லிதான். பேட்டா குறைவு.

அடுத்தது காகிதம். இதில்தான் கவனம் தேவை. 2001 ஜூன் 14 அன்று பாங்காக்கில் சண்டை நிறுத்தத்தை நீட்டித்தபோது, அதற்கு 'நிலப்பரப்பு எல்லை கிடையாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாகர்கள் அதை, மணிப்பூரின் நாகா பகுதிகளும் சேர்த்தி என்று படித்தார்கள். கெட்ட நேரம், இம்பாலில் இருந்தவர்களும் அப்படியே படித்தார்கள். ஜூன் 18 அன்று சட்டமன்றக் கட்டடம் எரிந்தது, 18 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே டெல்லி அந்த வாசகத்தைத் திரும்பப் பெற்றது. ஆகவே, எல்லாருக்கும் ஒரே மாதிரி புரியும் வாக்கியத்தை ஒருபோதும் எழுதாதீர்கள்.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துத் தேறியது 2015 ஆகஸ்ட் 3 அன்று முய்வா தரப்போடு போட்ட ஒப்பந்தம். பிரதமர் இல்லத்தில் கேமராக்கள் முன்னால் கையெழுத்தானது. வாசகத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. ஐந்து வருஷம் கழித்து முய்வா தரப்பே வெளியிட்டபோதுதான் நாடு படித்தது. அதில் வரும் இறையாண்மையைப் பகிர்வது என்றால் தனிக்கொடி, தனி அரசியல் சாசனம் என்கிறார்கள் அவர்கள். அப்படியெல்லாம் இல்லை என்கிறது டெல்லி. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வேறு வேறு தேதி போட்டுப் பத்திரிகை அடித்த கல்யாணம் மாதிரி, மண்டபம் மட்டும் தயாராக இருக்கிறது. போதாததற்கு 2017இல் மற்ற நாகா குழுக்களோடு இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்று சிக்கினால் மற்றதைக் காட்டலாம்.

கெடு வைக்காமல் இருப்பது உத்தமம். 2019 அக்டோபர் 31க்குள் முடிப்போம் என்றார்கள், அந்தத் தேதியும் போனது. அப்போது ரவி பேச்சாளர் மட்டுமல்ல, நாகாலாந்து ஆளுநரும்கூட. ஆயுதக் கும்பல்கள் வரி வசூலிக்கின்றன என்று 2020இல் அவர் முதல்வருக்குக் கடிதம் எழுத, ஆளை மாற்றுங்கள் என்றது முய்வா தரப்பு. 2021 செப்டம்பரில் அவர் சென்னைக்கு ஆளுநராக வந்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு கையேடு.

மிரட்டல் கடிதம் வந்தால் மகிழுங்கள். மூன்றாம் தரப்பு வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஆயுதம் ஏந்துவோம் என்று 2024 நவம்பரில் முய்வா அறிவித்தார். அப்போது அவருக்குத் தொண்ணூறையொட்டிய வயது. கூட இருந்த ஐசக் சூ 2016லேயே காலமாகிவிட்டார். சண்டை நிறுத்தம் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தைகளுக்குக் கல்யாண வயது ஆகிவிட்டது. டெல்லியின் உண்மையான பேச்சாளர் காலண்டர்தான் என்று நான் சந்தேகிப்பதுண்டு. உங்கள் கோப்பில் அதை எழுத மாட்டார்கள்.

கடைசியாக, யாரை அழைக்கக் கூடாது என்பது. நாகாலாந்தின் திமாப்பூர் கடைக்காரர்கள் அரசுக்கு ஒரு வரி, ஆயுதக் குழு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி என்று கட்டி அலுத்துப்போனவர்கள். 'ஒரே அரசு, ஒரே வரி' என்று கேட்டு 2013 அக்டோபர் 31 அன்று அந்த ஊரில் பெருங்கூட்டமே கூடியது. அவர்களுக்கு நாற்காலி போட்டுவிடாதீர்கள். எப்போது முடிப்பீர்கள் என்று முதல் சுற்றிலேயே கேட்டுவிடுவார்கள்.