சொம்பும் உத்தியோகமும்
1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் பாரத சர்க்காருக்கு அளித்த அறிக்கையில் நம் சொம்பின் லட்சணத்தை வியந்து போற்றியதன் பயனாக, 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது சரித்திரம். அந்த வழியில், வளைவுகளைப் பற்றி நான்கு வருஷம் தியானித்த மாணாக்கனை உத்தியோகத்துக்குத் தயார் செய்வதாகச் சொல்லிக் கடைசிப் பருவத்தில் கல்லூரிகள் நடத்தும் வைபவத்தில், கைகுலுக்கும் சாஸ்திரமும், படைப்புத் தொகுப்பில் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவது என்னும் மந்திராலோசனையும் தவறாமல் உண்டு. அச்சுக்கு அனுப்பும் கோப்பில் ஓரவெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடவேண்டும் என்கிற அற்ப விஷயம் மட்டும் பாடத்திட்டத்தின் கௌரவத்துக்குக் குறைவு போலும். பேட்டி காணும் முதலாளியோ, தொகுப்பைத் திறவாமலே, "லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கத் தெரியுமா, தம்பி?" என்று வினவுகிறார். தெரியும் என்றவனுக்கு உத்தியோகம். எதற்கு என்று கேட்டவனுக்கு மேற்படிப்பு.